பங்கேற்பாளர் நான்கு

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது குட்டி சொன்ன ஒரு வார்த்தை, செவ்வாய்க்கிழமை காலைவரை அண்ணியின் காதில் இனித்துக்கொண்டே இருந்தது.

"இந்த வேலை மட்டும் கிடைச்சா, அது உங்களாலதான் அண்ணி."

அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பன்னிரண்டு வருடத்தில் புகுந்த வீட்டார் யாரும் அவளுக்கு நன்றி என்று சொன்னதில்லை. அதுவும் இந்த மாதம் போய் யார் சொல்லப்போகிறார்கள்? பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் சமூகவியல் துறைக்கு இரண்டு நிரந்தர ஆய்வாளர்கள் வேண்டுமென்று விளம்பரம் வந்திருந்தது. செல்போனும் திரையுமாக மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்கிற துறை. ஏழு வருடமாக ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தாவிக்கொண்டிருந்த குட்டி விண்ணப்பித்தாள். குட்டி என்பது வீட்டுப் பெயர். வயது முப்பத்து நான்கு. அண்ணியின் கணவனுக்கு ஒரே தங்கை.

அண்ணியோ அதே பல்கலைக்கழகத்தின் பணி நியமனப் பிரிவில் கண்காணிப்பாளர். 'என் நாத்தனார் விண்ணப்பித்திருக்கிறார், அவருடைய கோப்பு என் மேசைக்கு வரக்கூடாது' என்று அவளே கைப்பட எழுதிக் கொடுத்ததும், 'சொந்தக்காரிக்கு ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டா, சட்டம் மட்டும் பேசுவா' என்று மாமியார் குதித்ததும் போன வாரங்களின் கதை.

அப்படியிருக்க 'உங்களாலதான்' என்றால் என்ன அர்த்தம் என்று அண்ணி யோசிக்கவில்லை. கிடைத்தவரை லாபம் என்று வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அவள் பிரிவுக்குள் நுழைந்தபோது, பக்கத்து மேசை எழுத்தர் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சலாம். அவர் பார்க்கவேண்டிய கோப்பு, மெரூன் நிற நாடா கட்டி, அண்ணியின் மேசைமேல் கிடந்தது. மேலே ஒட்டியிருந்த புகைப்படத்தில் குட்டி சிரிக்காமல் இருந்தாள்.

அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு பிரிவு அதிகாரியிடம் போனாள். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும், ஆகட்டும்' என்பார். அதனால் அலுவலகம் முழுக்க அவருக்கு ஆகட்டும் சார் என்றுதான் பெயர்.

"சார், இது என்கிட்ட வரக்கூடாதுன்னு லெட்டர் குடுத்திருக்கேன்."

"தெரியும்மா. பத்து மணிக்குக் குழு உட்காருது. ஆளில்ல. மார்க் போடப்போறது நீங்களா? பக்கம் எண்ணி, அசலைச் சரிபார்த்து, முத்திரை வைக்கப்போறீங்க. பத்து நிமிஷ வேலை."

"நாளைக்கு யாராவது கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆகட்டும்."

அவள் எண்ண ஆரம்பித்தாள். பட்டச் சான்றிதழ்கள், அனுபவக் கடிதங்கள், வெளியான கட்டுரைகள் மூன்று. தொண்ணூற்றோரு பேர் விண்ணப்பித்து ஏழு பேர் மிஞ்சிய தேர்வு இது. ஏழு கோப்பையும் எண்ணுவதற்கு அவளுக்குக் கண்ணே வேண்டாம், கட்டைவிரல் போதும். பக்கம் எண்ணுகிறவர்கள் படிப்பதில்லை.

இதழில் வெளியான கட்டுரை ஒன்றில், இதழின் பக்க எண் முப்பத்தொன்று என்று அச்சாகியிருந்த தாளில் கட்டைவிரல் நின்றது.

பக்கத்தின் நடுவே கட்டம் கட்டி ஒரு செய்தி அச்சாகியிருந்தது.

'பங்கேற்பாளர் 4, காலை 6.10: ஆஸ்பத்திரியிலேருந்து அடுத்த ஸ்கேனுக்கு வரச்சொல்லி மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. இனிமே அனுப்பவேணாம்னு யாராவது போன் பண்ணிச் சொல்ல முடியுமா. என்னால பேச முடியல.'

அது அவள் எழுதியது. மூன்று வருடம் முன்பு, ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய்ப் பத்தொன்பதாவது நாள், குளியலறை வாசற்படியில் உட்கார்ந்து குடும்பக் குரூப்பில் எழுதியது. 'யாராவது' என்று எழுதிவிட்டு, அது மரியாதையாக இல்லையோ என்று ஒரு தடவை அழித்து மறுபடி அதையே எழுதியதுகூட ஞாபகம் இருந்தது.

கட்டத்துக்குக் கீழே குட்டியின் நடை ஆரம்பித்தது. 'இச்செய்தியை ஏழு நிமிடங்களுக்குள் குழுவின் மற்ற ஆறு உறுப்பினர்களும் படித்துவிட்டனர். எவரும் பதிலளிக்கவில்லை. பதினோராவது நிமிடத்தில் பங்கேற்பாளர் 2, தாம் புதிதாகப் பொருத்திய மின்தூக்கியின் படத்தைப் பகிர்ந்தார். அதற்கு நான்கு பாராட்டுகள் கிடைத்தன.'

பங்கேற்பாளர் 2 அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். பங்கேற்பாளர் 6 குட்டியேதான், யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்த பக்கத்தில் ஓர் அட்டவணை. இரண்டு மாதத்தில் பங்கேற்பாளர் 4 எழுதிய செய்திகள் நாற்பத்து மூன்று. வந்த பதில்கள் ஐந்து. அவற்றில் மூன்று, கட்டைவிரல் படம்.

அண்ணி பக்கத்தைத் திருப்பி, 'ஏழு நிமிடங்களுக்குள்' என்ற வரியை மறுபடி படித்தாள்.

அந்த இரண்டு மாதத்தை அவள் ஒரு சமாதானத்தை வைத்துத்தான் கடந்திருந்தாள். ஆளாளுக்கு வேலை, குரூப்பில் ஒரு நாளைக்கு நூறு வந்து விழுகிறது, பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். மூன்று வருடமாக அதை நம்பித்தான் அந்த மனிதர்களுக்குச் சோறு போட்டாள். இப்போது பக்கம் முப்பத்தொன்றில், ஏழு நிமிடம் என்று கணக்காக எழுதியிருந்தது. எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

கட்டுரையின் பின்னால் ஒப்புதல் படிவம் இருந்தது. 'என் செய்திகளை ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே ஏழு கையெழுத்துகள். எல்லாம் அவள் அந்தச் செய்தியை எழுதி எட்டு மாதம் கழித்து, ஒரே தேதியில். நான்காவது இடத்தில் அவள் பெயர், பள்ளிக்கூட நோட்டில் எழுதுவதுபோல எழுத்தெழுத்தாக, முழுசாக. ஒரு நாளைக்கு இருநூறு தாளில் கையெழுத்துப் போடுகிறவள் அவள். பதினோரு வருடமாகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தோடு ஒரு கோடு இழுத்துவிடுவதுதான் வழக்கம்.

மணி ஒன்பது இருபது. அவள் நாடாவைக் கட்டாமலே எழுந்தாள்.

*

இரண்டாவது மாடி நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழு பேரும் காத்திருந்தார்கள். ஒருவர் வாய்க்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டிருந்தார். குட்டி, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், மடிக்கணினியை மடியில் வைத்துத் குழுவுக்குக் காட்டப்போகும் விளக்கப் படங்களை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வா."

"அண்ணி? நீங்க என்கிட்ட பேசினாத் தப்பா ஆயிடாதா?"

"எழுந்து வா."

மாடிப்படி திரும்புகிற இடத்தில், தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அண்ணி ஒப்புதல் படிவம் இருந்த அந்த ஒரு தாளை நீட்டினாள்.

"நாலாவது கையெழுத்து யாரு போட்டது?"

குட்டி தாளைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தைத்தான் பார்த்தாள். அதிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது.

"நான் போடல அண்ணி. அண்ணன்கிட்ட குடுத்தேன். அவகிட்ட காட்டி வாங்கித் தர்றேன்னான். மறுநாள் போட்டு வந்துச்சு."

"ஒரே வீட்டுலதான இருந்தோம் அப்போ. அடுத்த ரூம்ல இருந்த நீ ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீங்க இருந்த நிலைமையில..."

"எட்டு மாசம் கழிச்சு வாங்கினது. என்ன நிலைமை? சமைச்சேன், ஆபீஸ் போனேன், உன் துணியையும் சேர்த்துத் துவைச்சேன்."

குட்டி உதட்டைக் கடித்தாள். "கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

"அப்போ என் பதில் உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் வேற ஆளை அனுப்பியிருக்க."

"உங்க பேர் எங்கயுமே இல்ல அண்ணி. நம்பர்தான். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

கீழே யாரோ படியேறி வருகிற சத்தம் கேட்டு இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு மாணவன் கடந்து போனான். குட்டிக்கு அந்த இடைவெளியில் தைரியம் வந்துவிட்டது; குரல் மாறியது.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு நடந்ததை நம்ம வீட்டுல வேற யாராவது ஒரு வரி பேசினாங்களா? அம்மா பேசினாளா, அண்ணன் பேசினானா? நான்தான் எழுதினேன். உங்களுக்கு நடந்தது அநியாயம்னு இருபத்தியெட்டுப் பக்கம் எழுதியிருக்கேன். அதைப் படிச்சுட்டு வெளியூர்லேருந்தெல்லாம் எனக்கு மெயில் போட்டாங்க."

"நீ ஆறாம் நம்பர்தானே?"

"என்ன?"

"ஏழு நிமிஷத்துல படிச்ச ஆறு பேர்ல நீயும் ஒருத்தி. பதில் போட உனக்கு நேரமில்ல. எண்ணுறதுக்கு மட்டும் எப்படி நேரம் இருந்துச்சு?"

குட்டி சட்டையின் கைப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பதினொண்ணேகாலுக்கு என் முறை அண்ணி. ஏழு வருஷம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்க கால்ல விழறேன்," என்றாள்.

"கால்ல விழ வேணாம். அண்ணன் எங்க?"

"என்னைக் கொண்டு வந்து விட்டான். கீழ ஸ்டாண்டுல இருக்கான்."

*

வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணன் பைக் மேல் சாய்ந்து, காகிதக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். வேலைக்கான சாம்பல் நிறச் சீருடை, இடுப்பில் ஸ்பேனர் பை. மனைவி வேகமாக வருவதைப் பார்த்துச் சிரித்தான். அவள் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் டீயைத் தரையில் ஊற்றினான்.

"நீங்கதானே?"

"ஒரு கையெழுத்துதானே," என்றான் மெதுவாக. "பாவம் அவ, கெடு முடியுதுன்னு நின்னா. உன்கிட்ட கொண்டு வந்தா மறுபடி அதெல்லாம் கிளறி விடணும். உனக்கு நல்லதுன்னுதான்..."

"எனக்கு நல்லது."

"ஆமா. மறந்துட்டு இருந்த. எதுக்கு ஞாபகப்படுத்தணும்?"

"மறந்துட்டேன்னு நான் சொன்னேனா?"

அவன் கோப்பையைக் கசக்கினான்.

"அன்னிக்கு ஆறு பத்துக்கு நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"எந்த அன்னிக்கு?"

"எந்த அன்னிக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

அவன் அடுத்த வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்தான். "படிச்சேன். என்ன எழுதறதுன்னு தெரியல. ரொம்ப நேரம் போனைக் கையிலயே வச்சுட்டு இருந்தேன். அப்புறம் ஏதோ ஒண்ணு அனுப்பணுமேன்னு அந்த லிஃப்ட் போட்டோவ அனுப்பினேன். தப்புதான்."

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அவன் குரல் தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை, இன்னும் ஏறியது.

"நாற்பத்து மூணு தடவை எழுதியிருக்கேன். எனக்கு ஒரு பதில் எழுத உங்களுக்குக் கை வரல. என் பேருல எழுத மட்டும் எப்படிங்க கை வந்துச்சு?"

"மெதுவாப் பேசு. பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். உங்க தங்கச்சி ஊருக்கே காட்டிட்டா."

அவன் அவள் முழங்கையைத் தொட்டான். "இதை மேல கொண்டு போகாத. குட்டி வாழ்க்கை போயிடும். அம்மா தாங்க மாட்டா. வீட்டுல வச்சுப் பேசிக்கலாம்."

"மேல வாங்க. நான்தான் போட்டேன்னு சொல்லுங்க. அவளே போட்டதா ஆகாதுல்ல, அவளுக்கும் அது நல்லதுதான்."

அவன் ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்தான், அதில் தூசு இல்லாவிட்டாலும். பிறகு, "ஒரு ஆஸ்பத்திரியில லிஃப்ட் மாட்டிக்கிட்டு நிக்குது, பதினோரு மணிக்குள்ள போகணும்," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான்.

அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை.

*

ஆகட்டும் சார் அன்றைக்கு முதல்முறையாக 'ஆகாது' என்றார்.

"என்னம்மா இது? பக்கம் இருக்கான்னு பாருங்கன்னா படிச்சுட்டு வந்து நிக்கிறீங்க. படிக்கச் சொன்னது யாரு?"

"என் பேருல பொய்க் கையெழுத்து இருக்கு சார். அதுக்கு மேல நானே 'சரிபார்க்கப்பட்டது'ன்னு முத்திரை வைக்கணுமா?"

"வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்கோங்க. நாத்தனார் அண்ணி விவகாரத்துக்கெல்லாம் பல்கலைக்கழகம் பஞ்சாயத்துப் பண்ணாது."

"வீட்டுல நடந்ததை இங்க கொண்டு வந்தது நான் இல்ல சார். முப்பத்தோராம் பக்கத்துல இருக்கு."

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவள் காத்திருக்கவில்லை. தன் மேசைக்கு வந்து, சரிபார்ப்புத் தாளில் முத்திரை விழவேண்டிய இடத்தில் நீல மையால் எழுதினாள்: 'ஒப்புதல் படிவத்தில் வரிசை எண் நான்கில் உள்ள கையெழுத்து என்னுடையது அல்ல. என் சம்மதம் கேட்கப்படவில்லை.' கீழே இரண்டு எழுத்து, ஒரு கோடு. தேதி, நேரம்.

பதினோரு மணிக்குக் கோப்பைத் தேர்வுக் குழு அறைக்குள் அவளே கொண்டு போனாள்.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர், ஐம்பது தாண்டிய பெண்மணி. இந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி. அந்தப் பக்கம் வெளியிலிருந்து வந்த நிபுணர், நரைத்த தாடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. அவர் கையில் குட்டியின் கட்டுரை ஏற்கெனவே இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறி.

"வந்ததிலேயே உயிருள்ள வேலை இதுதான்," என்று அவர் துறைத் தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அதுவும் இந்த நாலாம் நம்பர் பெண். இப்படிப்பட்ட தரவு கிடைக்கிறது அபூர்வம். இந்தம்மாவை இன்னும் ரெண்டு வருஷம் தொடர்ந்து கவனிச்சிருந்தா..."

அண்ணி கோப்பை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் அவர் நிமிர்ந்தார்.

"கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க சார்," என்றாள். "எல்லாருமே."

துறைத் தலைவர் சரிபார்ப்புத் தாளை எடுத்துப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, கீழே இருந்த கையெழுத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா?"

"நான்தான் மேடம்."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார்.

குட்டியைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்தவள் சுவரோரம் நின்ற அண்ணியைப் பார்த்ததும் ஒரு நொடி தடுமாறினாள். துறைத் தலைவர் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தப் படிவத்துல நாலாவது கையெழுத்து இவங்களுடையதா?"

அண்ணி குட்டியைப் பார்த்தாள். படித் திருப்பத்தில் சொன்னதை இங்கேயும் சொல்லப்போகிறாள், அண்ணன் வாங்கித் தந்தது என்று சொல்லிவிட்டால் தானும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவேண்டாம் என்றுகூட அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது.

"அவங்களுடையதுதான் மேடம்," என்றாள் குட்டி. குரல் தெளிவாக இருந்தது. "அண்ணிக்கு மறந்திருக்கும். அந்த வருஷம் முழுக்க அவங்க மனநிலை சரியா இல்ல. கட்டுரையிலேயே முப்பத்தி நாலாம் பக்கத்துல அதைப் பத்தி எழுதியிருக்கேன்."

துறைத் தலைவர் முப்பத்தி நாலாம் பக்கத்தைப் புரட்டினார்.

அண்ணி சேலைத் தலைப்பைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். கத்தினால் முப்பத்தி நாலாம் பக்கம் நிஜமாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மேடம், என்னோட பணிப் பதிவேடு கீழ அலமாரியில இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து போட்ட கையெழுத்து அத்தனையும் அதுல இருக்கு. அந்த வருஷம் போட்டதும் இருக்கு. வரவழைச்சுப் பாருங்க. என் மனநிலையை வேற எதையும் வச்சு அளக்க வேணாம்."

பதிவேடு வந்தது. துறைத் தலைவர் பக்கத்தைப் புரட்டி, படிவத்தைப் பக்கத்தில் வைத்தார். நிபுணரும் எட்டிப் பார்த்தார். ஒப்பிட நிபுணத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. ஒன்று இரண்டு எழுத்தும் கோடும். இன்னொன்று முழுப் பெயர்.

"அது அண்ணன் போட்டது மேடம்," என்றாள் குட்டி. இப்போது குரல் உடைந்திருந்தது. "வாங்கித் தர்றேன்னு வாங்கிட்டுப் போய் அவனே போட்டுட்டான். எனக்கே..."

"ரெண்டு நிமிஷம் முன்னாடி வேற சொன்னீங்களே."

குட்டி அழ ஆரம்பித்தாள். அண்ணி அசையவில்லை. வேறு எந்த நாளாயிருந்தாலும் முதலில் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிறவள் அவள்தான்.

முடிவு சுருக்கமாக இருந்தது. குட்டியின் தேர்வு நிறுத்தி வைக்கப்படும். ஆய்வு நெறிமுறைக் குழு வியாழக்கிழமை கூடும். கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டுமா என்று அண்ணி அதற்குள் எழுத்தில் சொல்லவேண்டும். மற்ற ஆறு பேருக்கும் தேர்வு வழக்கம்போல நடக்கும்.

வெளியே வரும்போது நிபுணர் எழுந்து நின்றார். "மன்னிக்கணும் அம்மா. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நீங்க படிச்சதைப் படிச்சேன்னாவது சொன்னீங்க சார்," என்றாள் அண்ணி.

*

கட்டுரை எங்கேயும் ஒளித்து வைத்தது அல்ல. இதழில் வெளியாகி யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரிதான் இருந்தது. பேருந்து நிறுத்தத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். திரும்பப் பெறு என்று எழுதுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கத்தான் படித்தாள்.

ஆத்திரத்தோடு படித்தாலும் ஓரிடத்தில்கூட 'இது பொய்' என்று சொல்ல முடியவில்லை. அவளுக்கு நடந்ததை உள்ளபடி சொன்ன தாள் உலகத்தில் அது ஒன்றுதான். கிழித்துப் போடச் சொன்னால், எதுவும் நடக்காத மாதிரி ஆகிவிடும். வீட்டார் மூன்று வருடமாக விரும்பியதும் அதைத்தானே.

அப்புறம் முப்பத்தாறாம் பக்கம் வந்தது. 'அழிக்கப்பட்ட செய்திகள்' என்று தலைப்பு. ஆய்வுக்காகக் குட்டியின் போனில் இருந்த மென்பொருள், குரூப்பில் விழுந்ததை எல்லாம் விழுந்தவுடனே சேமித்துவிடுமாம். எழுதியவர் அழித்தாலும் அதில் இருக்குமாம்.

'பங்கேற்பாளர் 5 மூன்று முறை இதே வகைச் செய்தியை அனுப்பி, அரை நிமிடத்துக்குள் அழித்திருக்கிறார்: அவர் இன்னைக்கும் அடிச்சிட்டார். யாராவது வாங்க.'

பங்கேற்பாளர் 5 அவளுடைய ஓரகத்தி, அண்ணனுடைய தம்பியின் மனைவி. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நான்கு தெரு தள்ளித்தான் வீடு. முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு விசேஷங்களுக்கு வந்து, ஓரமாக நின்று, சீக்கிரம் போய்விடுகிற பெண். குட்டி மூன்று வருடமாக இதைத் தெரிந்து வைத்திருந்தாள். அடிக்குறிப்பு எழுதியிருந்தாள்.

அண்ணி இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஆறு மணி. அண்ணன் அவளுக்கு முன்பே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். எதிரே மேசைமேல் இருந்த அவன் போன் நொடிக்கொரு தடவை அதிர்ந்துகொண்டிருந்தது.

"குரூப்புல அம்மா போட்டிருக்கா. தம்பி போட்டிருக்கான். முப்பத்தியெட்டு மெசேஜ். எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க. ஏதாவது பதில் போடு."

"ஏழு நிமிஷம் ஆகட்டும்," என்றாள் அவள்.

அவனுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. ஓரகத்தி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள்.

"அக்கா, ஏதோ பேப்பர்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்னு பேசிக்கிறாங்களே. அஞ்சாம் நம்பர் நானா?"

"ஆமாம்மா."

"நான் எதுலயும் போடலையே அக்கா."

அண்ணி போனைக் கையால் மூடிக்கொண்டு கணவனைக் கேட்டாள். "அஞ்சாவது யாரு போட்டது?"

"நான் உன்னோடத மட்டும்தான் போட்டேன். குட்டி என் கையில பேப்பரைக் குடுக்கும்போதே அஞ்சாவது கையெழுத்து இருந்துச்சு."

அவன் சொல்லி முடித்ததும் இருவருக்கும் ஒரே முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அக்கா," என்றாள் ஓரகத்தி, "அதுல என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கு? இவர் போன்ல அதைத் தேடிப் படிச்சுக்கிட்டிருக்கார். ஹால்ல இருக்கார்."

"நான் கேக்குறதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு. குளியலறையில இருக்கியா?"

"ஆமா."

"தாழ்ப்பாள் போட்டிருக்கா?"

"ஆமா."

"திறக்காத. நான் கிளம்பிட்டேன். வந்து நானே கூப்பிடுவேன், என் குரலுக்கு மட்டும் திற."

அண்ணி போனை வைத்துவிட்டு, பையிலிருந்த கட்டுரையை எடுத்து, முப்பத்தாறாம் பக்கத்தை மடித்துக் கணவன் மடியில் வைத்தாள். பைக் சாவி மேசைமேல் இருந்தது. எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற? என்ன ஆச்சு?"

"படிங்க. உங்க தம்பியைப் பத்தி எழுதியிருக்கு. படிச்சுட்டு வர்றதுன்னா வாங்க. வராட்டியும் நான் போறேன்."

வண்டியைக் கிளப்பும்போது அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். முதல் மாடி ஜன்னலில் அண்ணனின் தலை தெரிந்தது. குனிந்திருந்தான். ஒரு பக்கந்தான். இன்னும் படித்துக்கொண்டிருந்தான்.